பொத்தான் எவ்வளவு வளரும்?

பொத்தான் பெட்டி குரைத்தது.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். தையல்கடைக்குள் கால் வைக்க இடமில்லை. மேசையெங்கும் வெட்டிப் போட்ட நீலத்துணி, மெஷினுக்குக் கீழே நூல்குப்பை, வாசலில் அளவு கொடுக்க நிற்கும் பிள்ளைகள், பிள்ளைகளைவிட அதிகமாகப் பேசும் அம்மாக்கள். மாஸ்டர் வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு ஒரு பையனின் தோளை அளந்துகொண்டிருந்தார். மச்சினன் கொண்டுவந்து வைத்த அட்டைப்பெட்டியின் மேல் ‘சட்டைப் பொத்தான்’ என்றுதான் எழுதியிருந்தது. பொத்தான் குரைத்து அவர் கேள்விப்பட்டதில்லை. வாயிலிருந்த குண்டூசி கீழே விழுந்தது.

“மாப்ள, உள்ள என்னடா?”

“பொத்தான்தான் மாமா. கொஞ்சம் உயிருள்ள பொத்தான்.”

மச்சினன் டெம்போ ஓட்டுகிறவன். துணி உருளைகளை ஏற்ற லாரி ஷெட்டுக்குப் போன இடத்தில், பின்னோக்கி நகர்ந்து வந்த வண்டியின் சக்கரத்துக்கடியில் போய் உட்காரப் பார்த்த குட்டியைக் கழுத்தோடு தூக்கி, கையில் கிடைத்த பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். பெட்டியைத் திறந்ததும் ஒரு மண்நிறத் தலை எட்டிப் பார்த்தது. ஒரு காது நின்றது, இன்னொன்று மடிந்து கிடந்தது. அளவு கொடுத்துக்கொண்டிருந்த பையன் ஒரு கை மட்டும் அளந்த நிலையில் ஓடிப்போய்ப் பெட்டிக்குள் தலையை விட்டான். அதற்குப் பிறகு கடையில் யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை.

மாடியிலிருந்து மாஸ்டரின் மகள் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி வந்தாள். அவளுக்கு வீட்டில் வாலு என்றுதான் பெயர். எதற்கு என்று யாரும் விளக்கம் கேட்டதில்லை. “நம்மளுதா? நம்மளுதா? அப்பா, சொல்லுங்கப்பா, நம்மளுதா?” என்று ஒரே மூச்சில் கேட்டு, பதில் வருவதற்குள் குட்டிக்குப் பொத்தான் என்று பெயரும் வைத்துவிட்டாள்.

மாஸ்டருக்கு வாயெல்லாம் பல். ஆனால் ‘நம்மளுது’ என்று சொல்கிற அதிகாரம் அவர் கையில் இல்லை. அந்த அதிகாரம் அப்போதுதான் ஆஸ்பத்திரி வேலை முடிந்து, தோளில் பையோடு தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

மாஸ்டரின் மனைவிக்கு வார்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எழுந்திருக்க முடியாதவர்களைத் திருப்பிப் படுக்க வைப்பது, தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பது எல்லாம் அவள்தான். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் இவரைத் தூக்க ஒருத்தர் போதுமா, இரண்டு பேர் வேண்டுமா என்று அவளுக்குத் தெரியும். வீட்டிலும் அவள் குரலை உயர்த்த மாட்டாள். உயர்த்த வேண்டிய தேவை வந்ததில்லை.

கடைக்குள் வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள், அவன் உடனே டெம்போவின் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டான்.

“எவ்வளவு பெருசா வளரும் இது?”

அவ்வளவுதான் கேட்டாள். அவள் குனிந்து தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினாள்.

“இதுக்கு மேல போகாதுன்னா இருக்கட்டும். போகும்னா இப்பவே சொல்லிருங்க. பிள்ளை பழகுறதுக்கு முன்னாடி திருப்பிக் குடுத்துரலாம்.” பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். “ஊர்ப் பிள்ளைங்க எவ்வளவு வளரும்னு நீங்கதான சொல்றீங்க? இதுக்கும் சொல்லுங்க. நீங்க சொன்னா நான் கேட்டுக்கறேன்.”

அதுதான் வினையாகிப் போயிற்று. தெருவில் அவருக்கு ரெண்டிஞ்சு மாஸ்டர் என்று பெயர். எந்தப் பிள்ளைக்குக் காற்சட்டை தைத்தாலும், அடுத்த வருஷம் பிரித்து இறக்கிக்கொள்ள உள்ளே துணி மடித்து விடுவார். பெயர்தான் ரெண்டிஞ்சு, மடித்து விடுகிற அளவு ஆளுக்கு ஆள் மாறும். பையனின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பார், செருப்பு அளவைப் பார்ப்பார், பின்னால் நிற்கிற அப்பாவை ஒரு பார்வை பார்ப்பார். “இவனுக்கு நாலு விடணும்மா, மூங்கில் மாதிரி போவான்” என்பார். அநேகமாக அப்படியே நடக்கும். அதனால் மனைவி கேட்டது விளையாட்டுக் கேள்வி இல்லை. அவர் சொல்லை நம்பிக் கேட்கிறாள்.

கழுத்திலிருந்த டேப்பை எடுத்துக் குட்டியை மேசைமேல் ஏற்றினார். குட்டி டேப்பின் நுனியைக் கவ்விக்கொண்டு விட மாட்டேன் என்றது. வாலு ஒரு பக்கம் இழுத்தாள், அது ஒரு பக்கம் இழுத்தது. ஒருவழியாக டேப்பை மீட்டு முதுகை அளந்தார், நெஞ்சை அளந்தார். அதெல்லாம் சும்மா, மற்றவர்கள் பார்ப்பதற்கு. அவருடைய விரல்கள் நிஜமாகப் பார்த்தது வேறு. முன்னங்காலைப் பிடித்தார். எலும்பு உள்ளங்கையில் கனமாக உட்கார்ந்தது. பாதம் அகலமாக இருந்தது. அண்ணனின் செருப்பைப் போட்டு வந்த தம்பி மாதிரி. கழுத்துத் தோலை விரலால் கிள்ளி இழுத்தார். வந்துகொண்டே இருந்தது. முதுகிலும் அப்படித்தான், விலாவிலும் அப்படித்தான். இதைத் தைத்தவன் ரெண்டிஞ்சு விடவில்லை. கெஜக்கணக்கில் உள்ளே மடித்து விட்டிருந்தான்.

வந்தது பயமா சந்தோஷமா என்று மாஸ்டருக்கே தெரியவில்லை. அடேயப்பா, எப்பேர்ப்பட்ட நாயாக வரப்போகிறது! வாயைத் திறந்தால் குட்டி போய்விடும். பொய் சொன்னால், நம்பிக் கேட்டவளை ஏமாற்றியதாகிவிடும்.

“என்னங்க, முகம் ஒரு மாதிரி இருக்கு?”

“இல்லம்மா... அது வந்து...” மென்று விழுங்கினார். “பிள்ளைங்களுக்குன்னா அப்பா அம்மாவ ஒரு பார்வை பாத்துருவேன். அவங்களப் பாக்காம அளவு சொன்னா சரியா வராது.”

“அப்ப பாத்துருவோம்” என்றாள் அவள். “ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. நானும் வர்றேன்.”

இப்படித்தான் பொத்தானுக்கு ஞாயிறுவரை தங்க அனுமதி கிடைத்தது.

அந்த இடைவெளியில் தெரு முழுக்க இதே பேச்சு. காற்சட்டை வாங்க வந்தவர்கள் காற்சட்டையை மறந்து குட்டியைப் பார்த்தார்கள். மருந்துக்கடைக்காரர் பாதத்தைப் பார்த்துவிட்டு, “இது கன்னுக்குட்டி உசரம் வரும்” என்றார். சைக்கிள் கடைக்காரர் வாலைப் பிடித்துப் பார்த்து, “வால் மெல்லிசு, பூனை அளவுல நின்னுரும், எழுதி வெச்சுக்கோங்க” என்றார். எதிர்வீட்டு டீச்சரம்மா, எடையை இத்தனையால் பெருக்கி அத்தனையைக் கூட்ட வேண்டும் என்று ஒரு கணக்குச் சொன்னார். அதன்படி பார்த்தால் பொத்தான் மாஸ்டரைவிடக் கனமாக வரும். வாலு எல்லோருக்கும் “முழங்கால்தான், முழங்கால்தான்” என்று பதில் சொல்லிக்கொண்டே திரிந்தாள். பொத்தானோ தன் பாட்டுக்குத் தின்றது, தூங்கியது, எழுந்தது. எழும்போதெல்லாம் போன தடவையைவிடப் பெரிதாக எழுவது போல மாஸ்டருக்குத் தோன்றியது. மிஞ்சின நாடாவில் அதற்கு ஒரு கழுத்துப்பட்டை தைத்தார். மறுநாள் மனைவி வேலைக்குப் போன பிறகு, சத்தம் காட்டாமல் பிரித்துக் கொஞ்சம் நீட்டித் தைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை டெம்போவின் முன்சீட்டில் அக்காவும் தம்பியும், பின்னால் சாமான் தட்டில் மாஸ்டரும் வாலுவும் பொத்தானும். வழி நெடுக வாலுவின் கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. “அப்பா, அம்மா நாய் குட்டையா இருக்கும்ல? குட்டையாத்தான இருக்கும்?” மாஸ்டர் பொத்தானின் அகலப் பாதத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

லாரி ஷெட் பெரிய இடம். லீவு நாள் என்பதால் வண்டிகள் வரிசையாக நின்றன. எண்ணெய் படிந்த தரை, அடுக்கி வைத்த பழைய டயர், தகரக் கூரை காற்றில் கடகடவென்று அடித்தது. வாட்ச்மேனிடம் விஷயத்தைச் சொன்னதும் அவருக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. “குட்டியோட அம்மாவா? இங்கதான் எங்கயாவது கிடக்கும், வாங்க வாங்க” என்று முன்னால் நடந்தார். பொத்தானைக் கீழே விட்டதுதான் தாமதம், மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு ஓடியது. பின்னாலேயே வாலு, அவளுக்குப் பின்னால் மாமா, கடைசியாக மூச்சு வாங்க மாஸ்டர். ஒரு லாரியைச் சுற்றி, இன்னொன்றின் அடியில் புகுந்து, டயர் அடுக்கின் பின்னால் போய்க் குட்டி வீல் என்று கத்தியது.

உள்ளேயிருந்து அம்மா வந்தது.

நீள உடம்பு, மண்நிறம், கால் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருந்தது. நடந்து வந்ததா, தரையோடு வழுக்கிக்கொண்டு வந்ததா என்றே சந்தேகம். குட்டியைத் தலை முதல் வால் வரை நக்கிவிட்டு, வந்திருந்த விருந்தாளிகளைப் பார்த்து வாலை ஆட்டியது.

“குட்டை! குட்டை!” வாலு குதித்த குதியில் டயர் அடுக்கு ஆடியது. மாமனும் மருமகளும் கைகோத்துக்கொண்டு எண்ணெய்த் தரையில் சுற்றினார்கள். “அக்கா, முழங்கால் என்னக்கா முழங்கால்! கணுக்கால் தாண்டுனாலே எனக்குச் சொல்லு!” என்று கத்தினான் தம்பி. மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. தன் விரல் பொய் சொல்லிவிட்டது என்று இவ்வளவு சந்தோஷப்பட்ட தையல்காரர் வேறு யாரும் இருக்க முடியாது. மனைவியின் முகத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, சரி, விழுந்துராதீங்க” என்றாள்.

அப்போதுதான் வாட்ச்மேன் மெதுவாகக் கேட்டார்.

“அம்மாவப் பாத்தாச்சு. அப்பாவப் பாக்க வேணாமா?”

எல்லோரும் நின்றார்கள்.

“பக்கத்து மரக்கடையில இருக்காரு. இந்தக் குட்டிங்களுக்கு அவருதான்னு எல்லாருக்கும் தெரியும். இந்நேரம் சாப்பிட வருவாரு.” கையை வாயில் குவித்து ஒரு விசில் அடித்தார்.

வேலிச்சுவரின் அந்தப் பக்கம் மரத்தூள் குவியல் அசைந்தது. அதற்குள்ளிருந்து ஒரு தலை எழுந்தது. பிறகு கழுத்து எழுந்தது. பிறகு நெஞ்சு எழுந்தது. இன்னும் எழுந்துகொண்டே இருந்தது. சுவரில் இருந்த இடைவெளி வழியாகப் பக்கவாட்டில் நெருக்கியடித்து உள்ளே வந்து, ஒருதரம் சிலிர்த்துக்கொண்டது. சுற்றிலும் மரத்தூள் மழையாகக் கொட்டியது. வாலுவின் தோளுக்குத் தாராளமாக வரும். ஒரு காது நின்றது, இன்னொன்று மடிந்து கிடந்தது.

“யம்மாடி!” என்றான் மச்சினன்.

யார் முகத்திலும் ஈயாடவில்லை. பொத்தான் மட்டும் ஓடிப்போய் அப்பாவின் வயிற்றுக்கடியில் நின்றுகொண்டது. மேலே அவ்வளவு பெரிய கூரை. மாஸ்டரின் மனைவி பக்கத்தில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்தாள். பெரிய நாய் நேராக அவளிடம் வந்து, அவள் பையை மோந்து பார்த்துவிட்டு, தாடையைத் தூக்கி அவள் மடியில் வைத்தது. அவள் கை தானாக அதன் நெற்றிக்குப் போனது.

“பயமாம்மா?” என்றார் மாஸ்டர்.

“பயமெல்லாம் இல்லைங்க.” அவள் நாயைத் தடவிக்கொண்டே இருந்தாள். “வாலு வயசுல எங்க வீட்டுல ஒண்ணு இருந்துச்சு. இத மாதிரியேதான். தம்பி அப்ப கைக்குழந்தை, ஞாபகம் இருக்காது. வயசாகி அதுக்குப் பின்னங்கால் விழுந்துருச்சு. ஒரு நாள் வீட்டுல யாரும் இல்ல, நல்ல மழை. முற்றத்துல நனைஞ்சுக்கிட்டே கிடக்கு. உள்ள இழுத்துப் பாத்தேன், தூக்கிப் பாத்தேன், முடியல. குடைய எடுத்துட்டு வந்து பக்கத்துல உக்காந்துட்டேன். அப்பா வர்றவரைக்கும்.” நாயின் மடிந்த காதை நிமிர்த்திவிட்டாள். “என்னால தூக்க முடியாத ஒண்ண வளக்கக் கூடாதுன்னு நினைச்சேன். நமக்கோ மாடி வீடு. செங்குத்துப் படி. நாளைக்கு இது படுத்துருச்சுன்னா யாரு தூக்கி இறக்குறது?”

இத்தனை வருஷத்தில் மாஸ்டர் இதைக் கேட்டதில்லை. முழங்கால் என்றால் முழங்கால் என்று டேப்பை எடுத்தாரே தவிர, ஏன் முழங்கால் என்று கேட்கத் தோன்றவில்லை. அதே நொடியில் அவர் தலைக்குள் வேறொன்று ஓட ஆரம்பித்துவிட்டது. படி அகலம். நாயின் நீளம். துணி.

“மாப்ள! டெம்போவுல தார்ப்பாய் கிடக்குல்ல? எடுத்துட்டு வா. ஓடு! வாட்ச்மேன் ஐயா, மரக்கடையில ரெண்டு நீளக் கட்டை கிடைக்குமா? கைக்கு அடங்குற மாதிரி!”

“எதுக்கு மாமா?”

“ஓடுடான்னா!”

சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும் கத்திரியை எடுத்தார். பழைய தார்ப்பாயை எண்ணெய்த் தரையில் விரித்து, முழங்காலில் நின்று, பெரிய நாயைக் கண்ணால் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சரசரவென்று வெட்டினார். முன்னங்காலுக்கு இரண்டு துளை, பின்னங்காலுக்கு இரண்டு துளை. இரண்டு ஓரத்தையும் கட்டைகளில் சுற்றிச் சணல் கயிற்றால் இறுக்கினார். கை பரபரவென்று ஓடியது. ஒரு கலியாண வீட்டுக்குக் கடைசி நேரத்தில் சட்டை தைத்துக் கொடுத்தபோதுகூட இப்படி வேலை பார்த்ததில்லை. வாலு ஒரு பிஸ்கட்டைக் காட்டி நாயை நிற்க வைக்க, ஒவ்வொரு காலாகத் தூக்கித் துளைக்குள் விட்டார்கள். நாய் ஒவ்வொரு காலையும் சட்டை மாட்டிக்கொள்ளும் குழந்தை மாதிரி நீட்டியது.

“நான் முன்னாடி பிடிக்கறேன், நீ பின்னாடி பிடி” என்றார் மனைவியிடம்.

அவள் எழுந்து வந்தாள். கட்டையைப் பிடித்ததுமே ஆள் மாறிவிட்டாள், வார்டில் நிற்கிறவளாகிவிட்டாள்.

“முதுக வளைக்காதீங்க! அப்படித் தூக்குனா நாளைக்கு உங்களத்தான் நான் தூக்கணும். முழங்கால மடக்குங்க. கைய ஒட்டி வெச்சுக்கோங்க. நான் சொல்றப்ப ரெண்டு பேரும் ஒண்ணா. ம்... இப்ப!”

நாய் தரையை விட்டு எழும்பியது.

நாலு காலும் அந்தரத்தில் தொங்க, அவ்வளவு பெரிய உடம்பு காற்றில் மிதந்தது. வாட்ச்மேன் கைதட்டினார். குட்டை அம்மா சுற்றிச் சுற்றி ஓடிக் குரைத்தது. “அம்மா தூக்கிட்டாங்க! அம்மா தூக்கிட்டாங்க!” என்று வாலு போட்ட கூச்சலில் தகரக் கூரைப் புறாக்கள் பறந்தன. பிடித்த பிடியோடு நடந்து, லாரிக்கு ஏறும் சிமெண்டுப் படிகளில் ஏறி, மறுபடி இறங்கினார்கள். மாஸ்டருக்கு வியர்த்துக் கொட்டியது. மனைவிக்கு மூச்சுகூட வாங்கவில்லை. நாயோ இரண்டு பக்கமும் வேடிக்கை பார்த்துக்கொண்டு பல்லக்கில் போகிற மாதிரி போயிற்று. கீழே இறக்கிய பிறகும் துணியை விட்டு வெளியே வர மனமில்லாமல் நின்றது.

“உன்னால முடியும்மா” என்றார் மாஸ்டர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. “தார்ப்பாய் சும்மா அவசரத்துக்கு. நல்ல கேன்வாஸ்ல, கைப்பிடிக்கு உள்ள பஞ்சு வெச்சு, நாலு தையல் போட்டு தைச்சுத் தர்றேன். நான் இல்லாட்டியும் நீயும் வாலுவும் இறக்கலாம். அப்புறம்... இன்னொண்ணு சொல்லணும். அன்னிக்கே எனக்குத் தெரியும், இது பெருசா வரும்னு. தோலைத் தொட்டதுமே தெரிஞ்சுது. சொல்லல.”

“தெரியும்னு எனக்கும் தெரியும்” என்றாள் அவள். “கழுத்துப்பட்டையில பழைய தையல் ஓட்டை தெரியுதுங்க. கொஞ்சம் கவனமா பிரிச்சிருக்கலாம்.”

மச்சினன் சிரித்த சிரிப்பில் டயரிலிருந்து விழுந்தான். அவள் பொத்தானைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் டெம்போவைப் பார்த்து நடந்தாள். “வாங்க, பசிக்குது. இதுக்கும் பசிக்கும்.”

பொத்தான் வளர்ந்தது. ஆனால் தெருவில் சொன்னவர்கள் ஒருத்தர் சொன்னபடியும் வளரவில்லை. தலை அப்பனுடையது, நெஞ்சு அப்பனுடையது, குரைத்தால் மருந்துக்கடைக் கண்ணாடி அதிரும். கால் மட்டும் அம்மாவோடு நின்றுவிட்டது. உயரம் மாஸ்டர் மனைவியின் முழங்காலை எட்டவே இல்லை. நீளமோ கடைவாசலில் படுத்தால் வாசலை அடைக்கும். “மேல பாத்தா மரக்கடை, கீழ பாத்தா லாரி ஷெட்” என்றான் மச்சினன். மருந்துக்கடைக்காரரும் சைக்கிள் கடைக்காரரும் ஆளுக்குப் பாதி ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். டீச்சரம்மா மட்டும் கணக்கு தப்பாது, நாய்தான் தப்பு என்று உறுதியாக இருந்தார். உயரத்தைத் தவறவிட்ட ரெண்டிஞ்சு மாஸ்டர், நெஞ்சளவில் தான் நினைத்தது நூல் பிசகவில்லை என்று காற்சட்டை வாங்க வருகிறவர்களிடமெல்லாம் டேப்பை வைத்துக் காட்டினார்.

கேன்வாஸும் தைத்தாகிவிட்டது. சும்மா வைத்திருந்தால் தேவைப்படும்போது கை பழகியிருக்காது என்று மாஸ்டரின் மனைவி மகளுக்குத் தூக்கிப் பழக்கிக் கொடுத்தாள். அம்மா பின்னால், மகள் முன்னால், நடுவில் பொத்தான். கன ஜோராக இறங்கினார்கள். வந்தது அங்கேதான் வினை. இரண்டு தரம் இறங்கிப் பார்த்த பொத்தானுக்கு அது பிடித்துப் போயிற்று. நல்ல காலும் நல்ல உடம்புமாக இருக்கிற நாய், படியின் உச்சியில் வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது. பிஸ்கட் காட்டினாலும் அசையவில்லை, அதட்டினாலும் அசையவில்லை. கேன்வாஸ் தொங்குகிற ஆணியைப் பார்க்கும், பிறகு இவர்களைப் பார்க்கும்.

ஒரு காலையில் மாஸ்டர் கடையில் ஒரு பையனின் இடுப்பில் டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து குரல் வந்தது.

“என்னங்க! வாலு பள்ளிக்கூடம் போயிட்டா. பொத்தான் ஐயா படி மேல உக்காந்திருக்காரு. வந்து ஒரு பக்கம் பிடிங்க, எனக்கு வேலைக்கு நேரமாச்சு!”

“நடந்து வரச் சொல்லும்மா!”

“சொல்லிட்டேன். மாட்டேங்குறாரு!”

“கொஞ்சம் பிடிச்சுக்கோப்பா” என்று டேப்பின் நுனியைப் பையன் கையிலேயே கொடுத்துவிட்டு, மாஸ்டர் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினார்.